சாய்ந்த சக்கரத்தின் கணக்கு

டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து மொட்டையாகிவிட்டால் மெக்கானிக் அலைன்மென்ட் பார்க்கச் சொல்கிறார். சக்கரக் கோணத்தைச் சரிபார்க்கும் இந்த வேலை காரோடு பிறந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கோணங்களோ காருக்கு வெகு முந்தியவை. குதிரை வண்டிக்குச் சக்கரம் செய்த தச்சர்களே அவற்றைக் கணக்காக வைத்துக் கொடுத்தார்கள். சக்கரம் உருளாமல் இழுபட்டால் அன்றும் தேய்மானம் இருந்தது. பெரும்பாலும் தேய்ந்தது சாலை. காற்றடைத்த ரப்பர் டயர் வந்த பிறகு அந்தத் தேய்மானம் சாலையிலிருந்து சக்கரத்துக்கும், ஊர்ப் பணத்திலிருந்து வண்டிக்காரர் பணத்துக்கும் இடம் மாறியது. அலைன்மென்ட் தனித் தொழிலாக வளர்ந்ததற்கு இந்த இடமாற்றமே முதற்காரணம் என்பது என் வாதம்.

நம் மாட்டுவண்டிச் சக்கரத்தைப் போலவே இங்கிலாந்தின் பழைய வண்டிச் சக்கரத்திலும் நடுவில் குடம், அதில் செருகிய ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா. அங்கே ஆரக்கால்களை வெளிப்பக்கம் சாய்த்துப் பொருத்துவார்கள். சக்கரம் ஆழமில்லாத தட்டுப் போல இருக்கும். நடக்கும் குதிரையின் உடல் இடமும் வலமும் அசைய, வண்டியும் கூடவே அசையும்; ஒவ்வோர் அடிக்கும் குடம் பக்கவாட்டில் இடித்து ஆரக்கால்களைத் தளர்த்திவிடும். அந்த இடியைத் தாங்கத்தான் இந்தச் சாய்வு என்பதை, சக்கரப் பட்டறை நடத்திய ஜார்ஜ் ஸ்டர்ட் 1923-இல் வெளியான ‘தி வீல்ரைட்ஸ் ஷாப்’ நூலில் விளக்கியிருக்கிறார். ஆரக்கால் சாய்ந்தால் பாரம் தாங்கும் கீழ் ஆரக்கால் செங்குத்தாக நிற்க வேண்டுமே. அதற்காக அச்சின் முனையைச் சற்றுக் கீழே வளைத்தார்கள். சக்கரத்தின் மேல்பாகம் வெளியே சாய்ந்தது. இன்றைய கேம்பர் அதுதான். அப்படிச் சாய்ந்த சக்கரம் வெளிப்பக்கமாக ஓடப் பார்த்துக் கடையாணியை நெருக்கும். அதைத் தணிக்க அச்சு முனையை ஒரு நூல் முன்னோக்கியும் வளைத்தார்கள். அது டோ-இன்.

ஒடுங்கிய பட்டாவுள்ள சக்கரத்தில் இந்தச் சாய்வால் பெரிய கேடு இல்லை. கேடு சட்டத்தின் வழியாக வந்தது. சுமை வண்டிகள் சாலையைக் கிழிக்கின்றன என்று கண்ட பிரிட்டிஷ் நாடாளுமன்றம், 1753-இல் சுங்கச் சாலைகளில் ஓடும் பார வண்டிகளுக்கு 9 அங்குல அகலச் சக்கரத்தைக் கட்டாயமாக்கியது. அகலச் சக்கரம் உருளை போல ஓடிச் சாலையைச் சமன்படுத்தும் என்பது நம்பிக்கை. சக்கரம் சாய்ந்தே இருக்க, 9 அங்குலமும் தரையில் பட வேண்டுமென்றால் வட்டையைக் கூம்பாகச் செதுக்குவதுதான் வழி. உட்பக்கம் பெரிய வட்டம், வெளிப்பக்கம் சிறிய வட்டம். ஒரு டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள்: நேராகப் போகாது, வளைந்து திரும்பும். கூம்புச் சக்கரமும் அப்படித்தான் திரும்பப் பார்க்கும். குதிரை அதை நேராக இழுத்தது. நடுப்பகுதி மட்டும் உருள, இரு விளிம்புகளும் கல்லை அரைத்துக்கொண்டே போயின. கடிகாரம் செய்பவரான அலெக்சாண்டர் கம்மிங் 1797-இல் கூம்புச் சக்கரத்தையும் நேர்ச் சக்கரத்தையும் ஒப்பிட்டு இந்த அரைப்பைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். கழிப்பறைக் குழாயில் நாற்றத்தைத் தடுக்கும் ‘எஸ்’ வளைவுக்கு 1775-இல் காப்புரிமை பெற்றவரும் இவரே. சாலையைக் காக்க வந்த சட்டமே சாலையை மாவாக்கும் சக்கரத்தை உண்டாக்கிவிட்டது.

இரும்புப் பட்டாவும் தேய்ந்ததே, வண்டிக்காரர் அந்தச் செலவை ஏற்றாரே என்று கேட்கலாம். தேய்ந்தது உண்மை. ஆனால் நாடாளுமன்றத்தின் கவலையைப் பாருங்கள்: சட்டம், சுங்கச் சலுகை, அபராதம் எல்லாம் சாலையைச் சுற்றியே நின்றன. பட்டா தேய்வது கொல்லரோடு முடிந்துபோகிற காரியம். இன்னொரு சான்றும் உண்டு. வளைவில் இரு முன்சக்கரங்களும் வெவ்வேறு கோணத்தில் திரும்பும் அமைப்பை மியூனிக் நகர வண்டிக் கலைஞர் கியோர்க் லாங்கென்ஷ்பெர்கர் உருவாக்க, 1818-இல் ருடால்ஃப் ஆக்கர்மன் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை எடுத்தார். இன்றைய கார்களின் திருப்பும் அமைப்புக்கு ஆதாரம் அதுதான். அன்றைய வண்டி செய்பவர்கள் அதைப் பெரிதாக ஏற்கவில்லை. முன் அச்சு முழுவதும் ஒரே ஆணியில் திரும்பும் பழைய முறையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அறிவு இருந்தது, அதற்குக் காசு கொடுக்க வேண்டிய நெருக்கடி வரவில்லை.

நெருக்கடியைக் கொண்டுவந்தது ரப்பர். 1888-இல் பெல்ஃபாஸ்ட்டில் டன்லப் காற்றுடயரை மிதிவண்டிக்குப் பொருத்தினார். 1895-இல் மிஷெலின் சகோதரர்கள் பாரிஸ்–போர்தோ பந்தயத்தில் அதைக் காரில் ஓட்டிக் காட்டினார்கள். இரும்பு கல்லை அரைத்த இடத்தில் இப்போது கல் ரப்பரை அரைத்தது. ஃபோர்டு மாடல் டி காரின் கையேட்டில் இந்த மாற்றம் பதிவாகியிருக்கிறது. முன்சக்கரங்களின் மேல்பக்க இடைவெளி கீழ்ப்பக்கத்தைவிடச் சுமார் 3 அங்குலம் கூடுதல் என்று சொல்லும் அந்தக் கையேடு, அதற்குத் தரும் காரணங்களில் ஒன்று வளைவுகளில் டயர் தேயாமல் காப்பது. டோ-இன் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. தச்சர் ஆரக்காலைக் காக்க வைத்த சாய்வு, டயரைக் காக்கும் சாய்வாகப் பெயர் மாறிவிட்டது. எச்சரிக்கையில் நியாயம் உண்டு. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து நேர்கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்நோக்கித் திரும்பியிருந்தால், ஒவ்வொரு சக்கரமும் கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடும் கணக்கு. அளவு மீறிய டோவை டயரே காட்டிக்கொடுக்கும்: பட்டன்களின் குறுக்கே உள்ளங்கையை ஓட்டினால் ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் ரம்பப் பல்.

வேகம்தானே அலைன்மென்ட்டைக் கட்டாயமாக்கியது என்பார்கள். பாதி சரி. சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வான காஸ்டர் கோணமும், 1920-களில் காற்று குறைவாக அடைக்கும் பலூன் டயர்கள் பரவியபோது முன்சக்கரம் உதறிய தொல்லையும் வேகத்தோடு சேர்ந்தவை. டோ அப்படியல்ல, மெதுவாகப் போனாலும் கிலோமீட்டருக்கு அதே இரண்டரை மீட்டர். இன்றும் சாலை உடைகிறதே என்ற கேள்வி இன்னும் வலுவானது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனை, சேதம் ஏறக்குறைய அச்சுப் பாரத்தின் நான்காம் மடியாகக் கூடுகிறது என்று காட்டியது. பாரம் இரட்டித்தால் சேதம் 16 மடங்கு. ஆகவே, செங்குத்தாக அழுத்தும் பாரத்தின் கணக்கு இன்னும் சாலையின் பெயரில்தான் ஏறுகிறது. பக்கவாட்டில் இழுபடும் கணக்கு மட்டுமே டயருக்கு மாறியது. என் வாதம் அந்த எல்லைக்குள்தான் நிற்கும்.

அந்தக் கணக்கும் டயர்க்காரரோடு முடிந்ததில்லை. 1942-இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து அறுந்தது. மணிக்கு 35 மைல் வேக வரம்பு, ஒரு காருக்கு ஐந்து டயர் என்ற உச்சவரம்பு, கட்டாய டயர் பரிசோதனை எல்லாம் வந்தன. மலாயாவின் பால்மரக் காடுகளில் விடியுமுன் எழுந்து மரம் சீவியவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். ஒரு கோணப் பிழையால் வீணாகும் ஒவ்வொரு டயரிலும் அவர்களைப் போன்றோரின் உழைப்பு சேர்ந்தே அரைபட்டது. இன்று தேய்ந்த துகள் மழைநீரோடு ஓடையில் கலக்கிறது. டயரில் வெடிப்பு விழாமலிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் ஒன்று காற்றில் மாறி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதை 2020-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆகவே புது டயர் வாங்குமுன் பழைய டயரின் குறுக்கே ஒரு தடவை கையை ஓட்டிப் பாருங்கள். ரம்பப் பல் தட்டுப்பட்டால், டயரை மாற்றும் அன்றே கோணத்தையும் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் புதிதும் அதே வழியில்தான் தேயும்.