காஞ்சிக்கு வந்த கொடைகளும் அவற்றின் கணக்கும்

தொண்டை மண்டலத்தின் தலைநகராய் விளங்கிய காஞ்சிக்கு 2015ஆம் ஆண்டில் ஒரு கொடை வாய்த்தது. நடுவண் அரசு அவ்வாண்டு சனவரித் திங்களில், 'ஹிருதய்' எனச் சுருக்கமாக வழங்கப்பெறும் மரபு நகர வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கி, நாடு முழுவதிலுமிருந்து 12 நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழகத்தில் காஞ்சியும் வேளாங்கண்ணியும் அப்பட்டியலில் இடம்பெற்றன. மொத்த ஒதுக்கீடு 500 கோடி ரூபாய். காஞ்சியின் பங்கு ஏறத்தாழ 23 கோடி. செலவு முழுவதையும் நடுவண் அரசே ஏற்றது. திருக்குளங்களைச் சீர்செய்வதும், கோயில்களைச் சூழ்ந்த பாதைகளைச் செப்பனிடுவதும் பணிகளுள் முதன்மையாயின. 27 திங்களில் முடிவதாக வகுக்கப்பெற்ற திட்டம் காலநீட்டிப்புப் பெற்று, 2019 மார்ச் 31ஆம் நாளோடு முற்றுப்பெற்றது.

ஏப்ரல் முதல் நாள் குளக்கரையைக் கூட்டுபவர் யார்? உடைந்த படிக்கல்லை மாற்றுவதற்கு எந்தக் கணக்கில் பணம் எடுப்பது? ஒதுக்கீடு முடிந்தபின் அப்பொறுப்பு உள்ளாட்சியின் தலையிலேயே விழும். 1866இல் நகராட்சியாகி 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சிக்கு அன்றாடக் குடிநீருக்கும் குப்பைக்குமே நிதி போதுவதில்லை. ஒரு நகரின் நடுவிடத்தை உயிர்ப்பிக்க வரும் பொருள், திட்டக்காலம் கடந்தபின் எங்ஙனம் நிலைபெறும் என்பதே இங்கு நாம் எண்ண வேண்டிய செய்தி. இவ்வினாவைக் காஞ்சி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டிருக்கிறது. விடையைச் செப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறது.

சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடுகளை வரலாற்று மாணவர் அறிவர். அம்மன்னனின் 16ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அவ்வாவணம், கச்சிப்பேட்டு ஊரகத்துத் திருமால் கோயிலின் வருவாய்களை வரிசைப்படுத்திக் கூறுகிறது. நகரில் நிறுத்தும் அளந்தும் விற்கப்படும் பண்டங்களின் மீது பெறப்படும் கூலி ஒரு வருவாய். கூரம், அரியப்பெரும்பாக்கம் ஆகிய அண்டை ஊரார் கோயிற் பொன்னைக் கடனாகப் பெற்று ஆண்டுதோறும் வட்டியாக அளக்கும் நெல் மற்றொரு வருவாய். இவற்றினும் நம் கருத்தை ஈர்ப்பது மூன்றாவது. கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி என்னும் நான்கு குடியிருப்புகளில் வாழ்ந்த நெசவாளரான பட்டசாலிகளிடம் பொன் முதலாக வைக்கப்பெற்றது. அவர்கள் அதன் வட்டியைக் கோயிலுக்குச் செலுத்த வேண்டும். அவர்களுக்கு வரிச் சலுகையும் உண்டு. கோயிற் காரியத்தை மேற்பார்க்கும் பொறுப்பிலும் கணக்கைச் சரிபார்ப்பதிலும் நகரத்தின் ஆண்டு வாரியத்தாரோடு அச்சேரியாருக்கும் இடம் அளிக்கப்பெற்றது.

இதன் நுட்பம் எளிதானது. பொன் அரண்மனைக் கருவூலத்தில் தங்கவில்லை. கோயிற் பெட்டியிலும் பூட்டப்படவில்லை. தறி நடக்கும் தெருவுக்கே சென்றது. நெசவாளர் அதனைத் தொழிலில் இட்டுப் பெருக்குவர், வட்டி விளக்கெரிக்கவும் விழா எடுக்கவும் உதவும், முதல் குறையாது. தெரு செழித்தால்தான் கோயில் செழிக்கும் என்ற நிலையில், கோயில் செழிக்க விரும்புவோர் தெருவையும் காத்தே தீர வேண்டும். இக்காலத்தார் 'சுழல்நிதி' என்று புதுப்பெயர் சூட்டி மகளிர் குழுக்களுக்கு வழங்குவது இதன் தொலைவழி உறவே எனலாம்.

வேகவதிக்கு அப்பால் உள்ள நம் ஜினகாஞ்சியிலும் இதே முறைமையைக் காண்கிறோம். பருத்திக்குன்று என்னும் பெயரே இழையின் மணம் கமழ்வது. பல்லவன் சிம்மவர்மன் பருத்திக்குன்றில் விளங்கிய வச்சிரநந்தி குரவருக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு உரைக்கிறது. விசயநகரப் பேரரசன் இரண்டாம் அரிகரனின் அமைச்சரும் புஷ்பசேன முனிவரின் மாணாக்கருமான இருகப்பர், 1387இல் திரைலோக்கியநாதர் ஆலயத்தில் சங்கீத மண்டபம் எடுப்பித்தார். இன்று அங்குச் செல்வோர் மண்டபத்து விதான ஓவியங்களை அண்ணாந்து பார்த்து வியப்பர். ஆனால் அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1382இல், அவர் மகேந்திரமங்கலம் என்னும் ஊரை அவ்வாலயத்திற்கு வழங்கிவிட்டார். முதலில் ஆண்டுதோறும் வரும் வருவாய். அதன் பின்னரே கட்டடம். இக்காலத் திட்டங்கள் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக்கியுள்ளன. கட்டடம் முதலில் எழுகிறது, திறப்பு விழாக் கல்வெட்டும் பதிக்கப்படுகிறது, வருவாய்க்கு வழி பிறகு தேடப்படுகிறது.

காஞ்சியிலிருந்து மாகறல் வழியாகச் செல்லும் சாலை உத்திரமேரூரை அடைகிறது. அங்குள்ள முதற் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதாத பாடநூல் இல்லை. யான் பணியாற்றிய காலம் முழுவதும் குடவோலை முறையை மாணவர்கள் மனப்பாடமாய் ஒப்பிப்பார்கள். குடம், ஓலை, ஓலையை எடுக்கும் சிறுவன் ஆகிய மூன்றையும் ஒருவரும் விட்டதில்லை. ஆனால் அக்கல்வெட்டின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. முன்பு ஏதேனும் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுபெறத் தகுதியற்றவர் என அது விதிக்கிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பொதுப்பொருள் புழங்கும் இடமெல்லாம் இவ்விதி காவல் நின்றது. வினாத்தாளில் இப்பகுதியை எவரும் கேட்பதில்லை!

பழையன யாவும் பொற்காலத்தின என்று கொள்ளுதல் வரலாறு ஆகாது. அவ்வாரியத்தில் அமர நிலமும் மனையும் உடையவராய், மறை பயின்றவராய் இருத்தல் வேண்டும்; மகளிர்க்கும் உழைக்கும் குடிகளுக்கும் அங்கு இடமில்லை. 'சந்திராதித்தர் உள்ளவரை' என்று பொறித்த கொடைகளும் அரசு மாறியபோது கைமாறின. மாகறலையே காண்க. செய்யாற்றங்கரையில் உள்ள அவ்வூரில் தேவாரப் பாடல் பெற்ற திருமாகறலீசுவரர் கோயில் வழிபாட்டில் உள்ளது. அங்கேயே இருந்த ஆதிபட்டாரகர் ஆலயமோ சிதைந்து போயிற்று. அண்டையூரான ஆர்ப்பாக்கத்தில் சமணக் குடிகள் தங்கியமையால் ஆதிநாதர் ஆலயம் நின்றது. கல்லின் வலிமையை விடச் சுற்றி வாழ்வோரின் இருப்பே கோயிலைத் தாங்குகிறது என்பதற்கு இவ்விரண்டு ஊர்களுக்கு மேல் சான்று வேண்டா.

இதனை நன்கு உணர்ந்தவர் ஸ்காட்லாந்து நாட்டு நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ். 1915இல் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி நடத்திய அவர், காஞ்சி முதலிய கோயில் நகரங்களின் அமைப்பை வியந்து எழுதினார். பழைய தெருக்களை இடித்து நேர்சாலை போடுவதை அவர் ஏற்கவில்லை. தேவையான இடத்தில் மட்டும் சிறிது வெட்டிச் சீர்செய்து, மக்களை அங்கேயே வாழவிடுதல் அவர் நெறி. காஞ்சியின் நெசவுத் தெருவுக்கு இது மிகவும் பொருந்தும். பிள்ளையார்பாளையத்தில் வீடே தறிக்கூடம். விடியற்காலையில் பாவு நீட்டுவதற்குத் தெருவின் நீளம் வேண்டும். ஆகவே அத்தெரு வெறும் போக்குவரத்துப் பாதையன்று, தறியின் ஓர் உறுப்பு. காந்தி சாலைக் கடைகளுக்கு வரும் உந்துகளை மட்டும் எண்ணிச் சாலை வகுத்தால், கடையில் விற்கும் சேலை பிறந்த தெரு ஒடுங்கிவிடும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் பெருமையோடு பேசுகிறோம். அக்குறியீடு சுட்டும் புவியுள் இத்தெருவும் அடங்கும் அன்றோ?

இனி, மாகறல் போன்ற சிற்றூர்களுக்கு வழியுண்டா எனின், உண்டு. தமிழக அரசு 2006 முதல் நடத்திய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் 20 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பெற்றது. 1997-98இல் தோன்றிய 'நமக்கு நாமே' திட்டம் வேறு வகையினது. அதில் பணி மதிப்பில் மூன்றில் ஒரு பங்கையேனும் பொதுமக்கள் அளித்தல் வேண்டும். எஞ்சியதை அரசு தரும். பாதியும் அதற்கு மேலும் மக்கள் தந்தால், பணியைத் தாமே முன்னின்று நடத்தவும் இடமுண்டு. என் கருத்தில் இதுவே பட்டசாலிகளின் முறைக்கு அணுக்கமானது. தன் கைப்பொருளும் கலந்த பணியில், சிமெண்டு எத்தனை மூட்டை இறங்கிற்று என்று கேட்க ஊரார் கூசமாட்டார். நம்மைப் போன்ற அறக்கட்டளைகள் ஆலயத் திருப்பணிக்குத் திரட்டும் ஆர்வத்தில் ஒரு சிறு பகுதியை ஊர்க் குளத்திற்கும் கடைத்தெருவுக்கும் திருப்பினாலே அந்த மூன்றில் ஒரு பங்கு பல ஊர்களில் நிறைந்துவிடும்.

தமிழகத்தில் கிராமசபை இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பெறுதல் வேண்டும். அறிக்கையைக் கேட்கவும் வினவவும் அவ்வூர் வாக்காளர் எவர்க்கும் உரிமை உண்டு. மனையும் மறையும் இன்று தகுதியல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காணச் செல்லும் அன்பர்கள், அந்நாள்களுள் ஒன்றில் புறப்பட்டு, வழியில் மாகறலில் சற்றுநேரம் இறங்கியும் செல்லலாம்.