விருந்தாளிக்கு அனுமதி இல்லை

மகள் கல்லூரி விடுதிக்குக் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது ஒன்று கேட்டாள். "அப்பா, தாத்தா காக்கா நரி கதை சொல்ற வீடியோவை என் லேப்டாப்புல போட்டுக் குடுங்களேன்."

2014 கோடை விடுமுறைக்கு அம்பாசமுத்திரம் போயிருந்தபோது எடுத்தது. ஏழு நிமிடம். அப்பா 2016-ல் போய்விட்டார். அவர் குரல் என்று எங்களிடம் மிச்சம் இருப்பது அந்த ஏழு நிமிடம்தான். அது இருப்பது 2013-ல் புனேயில் வாங்கிய நாஸ் பெட்டியில். டிவி மேஜைக்குக் கீழே, செருப்புப் பெட்டி அளவில், பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு கிடக்கும். வேறு எங்கும் நகல் கிடையாது. (திட்டாதீங்க, தங்கமணி ஏற்கெனவே திட்டியாச்சு.)

புது லேப்டாப்பில் பெட்டியின் பெயரைச் சொடுக்கினால், "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தாளி நுழைவைத் தடுக்கிறது" என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வசனம். எந்த நிறுவனம்? இது என் வீடு ஐயா! இங்கே கொள்கை வகுக்கும் ஒரே ஆள் அடுப்படியில் இருக்கிறார் :-)

சரி, பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குப் போகலாம் என்றால் அதன் கடவுச்சொல் மறந்துவிட்டது. பழைய லேப்டாப் போன மாதம்தான் உயிரை விட்டது. அதில் கடவுச்சொல்லே கேட்காமல் இத்தனை வருடம் திறந்த பெட்டி இப்போது ஏன் மாட்டேன் என்கிறது என்று இரவு முழுக்கத் தேடியதில், நாற்பது வருடக் கதை ஒன்று அகப்பட்டது.

வீட்டுக் கணினியும் நாஸ் பெட்டியும் பேசிக்கொள்ளும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம்.மில் பேரி ஃபெய்கன்பாம் என்பவர் வடிவமைத்தது. ஒரே அலுவலகம், ஒரே கம்பி, எல்லாரும் தெரிந்தவர்கள். திருடன் வருவான் என்று யாரும் யோசிக்காத காலம். மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துக்கொண்டு 1987-ல் லேன் மேனேஜர் என்று கொண்டுவந்தது. அது கடவுச்சொல்லைப் பாதுகாத்த லட்சணத்தைக் கேளுங்கள். முதலில் எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாக்கும். பதினாலு எழுத்துக்கு மேல் கிடையாது. அந்தப் பதினாலையும் ஏழு ஏழாக வெட்டித் தனித்தனியாகப் பூட்டும். பெரிய பூட்டு ஒன்றை உடைப்பதற்குப் பதில் சின்னப் பூட்டு இரண்டை உடைத்தால் போதும். திருடனுக்கு வேலை பல கோடி மடங்கு மிச்சம். இதைச் சரிசெய்ய என்.டி. வந்தபோது என்.டி.எல்.எம்., 1998-ல் அதன் இரண்டாம் பதிப்பு என்று ஒட்டுப் போட்டுக்கொண்டே போனார்கள். பழைய கணினிகள் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று பழைய பூட்டையும் கழற்றாமல் விட்டுவைத்தார்கள். நம் ஊரில் புதுக் கதவு போட்டாலும் பழைய தாழ்ப்பாளைப் பிடுங்க மனசு வராதே, அந்த மாதிரி.

கதையின் சுவையான பகுதி ஆஸ்திரேலியாவில். கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லுக்கு, யூனிக்ஸ் கணினியில் இருக்கும் கோப்புகள் தன் டாஸ் கணினியில் தெரிய வேண்டும். 1991 கடைசியில் உட்கார்ந்தார். மொழிக்கு இலக்கணப் புத்தகம் கையில் இல்லை. கம்பியில் ஓடுவதை ஒட்டுக்கேட்டு, இது இப்படிக் கேட்டால் அது இப்படிப் பதில் சொல்கிறது என்று பார்த்துப் பார்த்தே எழுதிவிட்டார். மொழி தெரியாமல் பிரெஞ்சு உணவகத்தில் உட்கார்ந்து, அடுத்த மேஜைக்காரர் என்ன சொன்னால் என்ன வருகிறது என்று கவனிப்பது போல என்று பின்னாளில் அவரே விளக்கினார். நாமெல்லாம் இங்கே வடாபாவ் கடையில் மராத்தி படித்தது வேறு எப்படி?

அவர் வைத்த பெயரை இன்னொரு நிறுவனம் தன்னுடையது என்றது. அகராதியில் எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொற்களைத் தேடச் சொன்னார். கிடைத்தவற்றில் ஒன்று சம்பா. (நெல் இல்லை, பிரேசில் நடனம்.) சந்தையில் விற்ற வீட்டு நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றில் இருப்பது இந்த சம்பாதான். இலக்கணப் புத்தகம் முறையாகக் கைக்கு வரப் பதினாறு வருடம் ஆயிற்று. ஐரோப்பிய ஆணையம் 2004-ல் மைக்ரோசாஃப்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி, நீதிமன்றம் 2007-ல் அதை உறுதி செய்த பிறகு, அந்த டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்துக்கு ஆவணங்கள் கிடைத்தன.

இந்த சம்பாவில் ஒரு அமைப்பு உண்டு. வருபவர் பெயர் தெரியாத பெயராக இருந்தால் "விருந்தாளி" என்று உள்ளே விட்டுவிடு. தெரிந்த பெயராக இருந்து கடவுச்சொல் தப்பாக இருந்தால் மட்டும் வெளியே நிறுத்து. தலைகீழ் நியாயமாக இல்லை? ஆனால் காரணம் இருக்கிறது. விண்டோஸ் நம்மைக் கேட்காமலே, நாம் கணினிக்குள் நுழைந்த பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்துத்தான் முதலில் கதவைத் தட்டும். அந்தப் பெயர் பெட்டிக்குத் தெரிந்திருக்காது. இந்தச் சலுகை இல்லாவிட்டால் பொதுக் கோப்புறைகூடத் திறக்காது, வாங்கியவர் கடைக்காரரைத்தான் பிடிப்பார்.

ஆக, வாங்கிய வருடம் முதல் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பழைய லேப்டாப் கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அது ஒரு நாளும் கடவுச்சொல் கொடுக்கவே இல்லை. என் சொந்தப் பெட்டியில் நான் விருந்தாளியாகவே போய் வந்திருக்கிறேன். வீட்டு வைஃபை கிடைத்த எவரும் போயிருக்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு மூடுவிழா நடத்தியது 2017. அந்த மே 12-ல் வான்னாகிரை புழு கிளம்பி, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. இங்கே ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும், கேரளப் பஞ்சாயத்து அலுவலகங்கள் சிலவும் மாட்டின. அது நுழைந்த ஓட்டை, எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பில் இருந்தது. ஓட்டை அடைப்பு மார்ச்சிலேயே வந்துவிட்டது, போட்டவர்கள்தான் குறைவு. அந்த அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் முதல் பதிப்பு தானாக நிறுவப்படுவது நின்றது. பெரிய நிறுவனங்களுக்கான விண்டோஸில் விருந்தாளி நுழைவும் நின்றது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ப்ரோ வகைக்கும் அதே தடையைப் போட்டது. என் பழைய லேப்டாப் ஹோம் வகை, மகளுடையது ப்ரோ. அந்த "நிறுவனம்" வந்த வழி இதுதான்.

காரணம் புரிந்தது. கதவு திறக்க வேண்டுமே? பெட்டியின் பின்னால் ஊசித் துளை ஒன்று. சில விநாடி அழுத்தினால் நிர்வாகக் கடவுச்சொல் மட்டும் பழையபடி ஆகும், கூடுதலாக அழுத்தினால் வேறு என்னென்னவோ ஆகும் என்கிறது கையேடு. ஊசியை எடுத்தேன், கை நடுங்கியது. 2021 ஜூனில் மை புக் லைவ் பெட்டிகளுக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2015-க்குப் பிறகு புதுப்பிப்பு கொடுக்காமல் விட்ட பெட்டிகள் அவை. இணையம் வழியாக யாரோ "எல்லாவற்றையும் அழி" என்று கட்டளை அனுப்ப, ஒரே இரவில் பலருடைய குடும்பப் படங்கள் காணாமல் போயின. அழிப்பதற்கு முன் கடவுச்சொல் கேட்கும் வரிகள் நிரலில் இருந்தன. யாரோ அவற்றைச் செயல்படாதபடி குறிப்பாக மாற்றி வைத்திருந்தார்கள்.

மகள் கைபேசியில் விநாடி எண்ண, நான் அழுத்தினேன். பீப் என்றது. விட்டேன்.

நிர்வாகப் பக்கம் திறந்தது. கோப்புகள் இருந்தன. மகள் பெயரில் பயனர் கணக்கு உருவாக்கினேன். அப்படியும் லேப்டாப் மறுத்தது. முதல் கோளாறு: அவள் லேப்டாப்பைத் திறப்பது நாலு இலக்கப் பின் எண்ணில். அது அந்த லேப்டாப்புக்குள் மட்டும் செல்லும்; பெட்டிக்கு அதைக் கொடுத்துப் பயனில்லை. இரண்டாவது: ஒரே பெட்டிக்குள் ஒரே ஆள் இரண்டு பெயரில் போக முடியாது என்று 1219 எண்ணில் ஒரு பிழை. முன்பு தட்டிய பெயரை விண்டோஸ் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கிரெடென்ஷியல் மேனேஜரில் பெட்டி பெயரில் இருந்த பதிவை நீக்கி, லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போட்டு, பயனர் பெயருக்கு முன்னால் பெட்டியின் பெயரையும் ஒரு சாய்கோட்டையும் சேர்த்து அடித்ததும் திறந்தது.

நள்ளிரவு ஒன்றேகால். அப்பா திண்ணையில் உட்கார்ந்து, "வடையைக் கால்ல வச்சிக்கிட்டு பாடுச்சாம்" என்கிறார். நாலு வயது மகள், "அப்ப நரி பசிச்சா என்ன செய்யும் தாத்தா?" என்று கேட்கிறாள். அவர் சிரிக்கிறார். தங்கமணி தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து, பேசாமல் பின்னால் நின்று பார்த்தாள்.

இப்போது அது மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று மகளோடு விடுதிக்குப் போயிருக்கிறது. புதுக் கடவுச்சொல் மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், தங்கமணி கையெழுத்தில்.