பச்சிளங் கண்ணும் பளிச்சொளியும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் மறுகரையில் இருக்கிறது சம்பூர். 2006ஆம் ஆண்டுப் போரில் ஊரோடு இடம்பெயர்ந்து, ஏறக்குறைய பத்தாண்டுகள் அகதி வாழ்வு வாழ்ந்த அம்மக்கள், 2015க்குப் பின்னரே படிப்படியாகத் தம் காணிகளுக்கு மீண்டனர். மீண்ட வீடுகளில் பிள்ளைகள் பிறக்கின்றன. கைத்தொலைபேசியில் படமும் எடுக்கிறார்கள். அப்போதெல்லாம் நம் வீடுகளில் எழும் எச்சரிக்கை ஒன்றுண்டு: கமரா வெளிச்சம் பட்டால் பச்சைப்பிள்ளையின் கண் கெட்டுவிடும்!

கண்ணூறு பற்றிய பழைய பயம் விஞ்ஞானச் சட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டதோ என்று சிலர் நகைக்கக்கூடும். நாம் நகைக்கமாட்டோம். வைத்தியர்களே ஒருகாலத்தில் ஒளியின்மீது ஐயங்கொண்டவர்கள்தாம்.

1887இல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்ற இருவர் ஆக்கிய மக்னீசியப் பொடி உண்மையிலேயே வெடித்து எரிந்தது. படம் பிடிப்பவரின் கையைச் சுட்டது. இன்றைய மின்பளிச்சொளியோ வினாடியின் மிகச் சிறிய பின்னத்தில் தோன்றி மறைவது. சிறிது நேரம் கண் கூசும், அவ்வளவே. நிறைமாதக் குழந்தையாயினும் குறைமாதக் குழந்தையாயினும், அதனால் பார்வை கெடும் என்பதற்குச் சான்றில்லை.

அப்படியாயின் ஐயம் எங்கிருந்து வந்தது? 1942இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் டெரி என்னும் கண்வைத்தியர், குறைமாதக் குழந்தைகளிடையே புதியதொரு குருட்டுநோயைக் கண்டு எழுதினார். கருவறையின் இருளில் இருக்கவேண்டிய கண் காலத்துக்கு முன்னரே வெளிச்சம் கண்டதுதான் காரணமோ என்று அவர் எண்ணினார். 1949இல் குழந்தைகளின் கண்களைக் கட்டிவைத்தும் பார்த்தார்கள். பயன் விளையவில்லை.

1951இல் மெல்போர்னில் கேற் காம்பெல் என்ற பெண் வைத்தியர் வேறொரு பக்கம் விரல் நீட்டினார். ஒட்சிசன் தாராளமாகக் கொடுக்கப்பட்ட இடத்தில் நோய் மிகுந்திருந்தது. சிக்கனமாகக் கொடுக்கப்பட்ட இடத்தில் குறைந்திருந்தது! வாஷிங்டனில் பாட்ஸ் என்ற இளம் வைத்தியர் இதனைச் சோதிக்க முற்பட்டபோது, இரவுக் கடமையிலிருந்த தாதியர் பிள்ளைகள்மேல் இரங்கி, குறைத்துவைத்த ஒட்சிசனைக் கூட்டிவிட்டனராம். அந்த இரக்கத்தை யார் பழிப்பார்? 1954இல் பதினெட்டு மருத்துவமனைகள் கூடி நடத்திய ஆய்வின் முடிவு வெளியாகி உண்மையை நிலைநாட்டியது. அதற்குள் உலகில் ஏறத்தாழப் பத்தாயிரம் குழந்தைகள் பார்வை இழந்துவிட்டனர். 1950இல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அந்நோய்க்குப் பலியானவர்.

ஒளியின்மீதிருந்த ஐயம் அப்போதும் முற்றாக ஓயவில்லை. அதனை ஓயச் செய்தது 1998இல் வெளிவந்த ஆய்வு. நானூறுக்கு மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்குப் பெரும்பாலான ஒளியைத் தடுக்கும் கண்ணாடி அணிவித்தனர். அணிந்தோரிடையே நூற்றுக்கு 54 பேருக்கும், அணியாதோரிடையே 58 பேருக்கும் நோய் கண்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

2015 ஜூலையில் இரு செய்திகள் வெளிவந்தன. சீனாவில் கமராப் பளிச்சொளியால் மூன்றுமாதப் பிள்ளை குருடானதாக ஒன்று; கண்வைத்தியர்கள் மறுத்தும் அது உலகைச் சுற்றி வந்தது. மற்றது இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. 1996இல் சென்னை எழும்பூர் அரச மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்து, ஒட்சிசன் பெற்று உயிர் தப்பிய பெண்குழந்தைக்கு, உரிய காலத்தில் விழித்திரைப் பரிசோதனை செய்யப்படவில்லை, பார்வை போயிற்று. பல ஆண்டுகள் வழக்காடிய பெற்றோருக்கு ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு நீதிமன்றம் பணித்தது. பொய்ச்செய்தி சென்ற வீடுகளில் எத்தனைக்கு இத்தீர்ப்புச் சென்றிருக்கும்?

அப்பரிசோதனையில் பாவை விரியச் சொட்டுமருந்திட்டு, கண்ணுக்குள் பிரகாசமான ஒளியைப் பாய்ச்சியே வைத்தியர் பார்க்கிறார். கர்நாடகத்துக் கிராமங்களில் விழித்திரையைப் படமெடுத்துத் தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்பும் ஏற்பாடும் உண்டு. வீட்டுப் பளிச்சொளிப் படங்களிலும் ஒரு பயனுண்டு. ஒரு பாவை சிவந்தும் மற்றது வெளுத்தும் தொடர்ந்து தெரியுமாயின், அது விழித்திரைப் புற்றுநோயின் அல்லது கண்புரையின் அறிகுறியாக இருக்கலாம். தாமதமின்றி வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இந்திய நெறிமுறையின்படி, 2000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ 34 வாரங்களுக்கு முன்னரோ பிறந்த பிள்ளையின் கண்ணை முப்பது நாட்களுக்குள் சோதிக்கவேண்டும். நம் வீடுகளில் துடக்குக் கழிப்பது முப்பத்தோராம் நாள். வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய குறைமாதப் பிள்ளையை, அந்நாளுக்கு முன்னரே குடாவைச் சுற்றிக்கொண்டு திருகோணமலைக்குத் தூக்கிச் செல்லவேண்டியிருக்கும். அதற்கான வாகனக் கூலியையும் ஒருநாட் கூலி இழப்பையும் யார் தாங்குவது என்று சம்பூரின் தாய் கேட்டால், நம்மிடம் விடை இருக்கவேண்டும்.