பிடியாணையைத் தேடி: ஆஷ் கொலை வழக்கும் மாவட்ட ஆவணங்களின் எல்லைகளும்

பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில் ஓம்கார் என்னும் பெயருடன் துறவியாக வாழ்ந்து 1978இல் மறைந்தவர் நீலகண்ட பிரம்மச்சாரி. தஞ்சை மாவட்டத்தில் சீர்காழியை அடுத்த எருக்கூரில் 1889இல் பிறந்த இவர், திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் கொலையை ஒட்டி நடந்த சதி வழக்கில் முதல் எதிரியாக நிறுத்தப்பட்டவர். பிறந்தது ஒரு மாவட்டம், வழக்கு எழுந்தது மற்றொரு மாவட்டம், போலீசாரிடம் தம்மை ஒப்படைத்துக்கொண்டது கல்கத்தா, தண்டனை பெற்றது சென்னை, வாழ்வை முடித்தது மைசூர் நாடு. இத்தகைய ஒருவர்மீது பிறந்த கைது நடவடிக்கையின் ஆவணங்களை எங்குத் தேடுவது? ‘திருநெல்வேலியில்’ என்பதே முதலில் தோன்றும் விடை. அவ்விடை எத்துணைக் குறைபாடு உடையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிடியாணை என இன்று எழுதுகிறோம். அக்காலத் தமிழ் இதழ்களும் பொதுமக்களும் வழங்கிய சொல் வாரண்டு என்பதே. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிடியாணையின் வடிவத்தை 75ஆம் பிரிவில் வரையறுத்தது. அது எழுத்தில் அமைதல் வேண்டும். நீதிமன்றத் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் பெறுதல் வேண்டும். நிறைவேற்றப்படும் வரையிலோ நீக்கப்படும் வரையிலோ நடப்பில் இருக்கும். 1973ஆம் ஆண்டுச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இவ்வரையறையைப் பெரிதும் மாற்றவில்லை.

இவ்வரையறையினுள் ஆய்வாளருக்கு வேண்டிய செய்தி ஒன்று அடங்கியுள்ளது. பிடியாணை என்பது வைத்திருப்பதற்காக எழுதப்பட்ட தாள் அன்று, அனுப்புவதற்காக எழுதப்பட்டது. ஆள் பிடிபட்டதும் அதன் பணி முடிகிறது. பின்குறிப்புடன் நீதிமன்றத்துக்குத் திரும்பி, வழக்குக் கட்டினுள் அடங்கி, வைப்புக்காலம் கடந்ததும் ஏனைய தாள்களோடு கழிக்கப்படுகிறது. பயனற்ற பதிவுகளைக் கழிப்பதற்கென்றே 1917இல் ஆவண அழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நிறைவேறாத பிடியாணையின் வரலாறோ வேறு. ஆள் தலைமறைவானால் 87ஆம் பிரிவின்படி முப்பது நாளுக்குக் குறையாத தவணை கொடுத்துப் பறைசாற்ற வேண்டும். 88ஆம் பிரிவின்படி உடைமையைக் கைப்பற்றலாம். 512ஆம் பிரிவின்படி அவர் இல்லாமலேயே சாட்சியத்தைப் பதிவு செய்து வைக்கலாம். ஒவ்வொரு படியிலும் புதிய தாள்கள் பிறக்கின்றன. அவை வெவ்வேறு அலுவலகங்களுக்குச் செல்கின்றன. எனவே நிறைவேறிய ஆணை மறைய, தோற்ற ஆணையே தடம் விட்டுச் செல்கிறது எனலாம்.

ஆஷ் வழக்கு இதற்குத் தக்க சான்று. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி இருப்புப்பாதைச் சந்திப்பில் ஆஷைச் சுட்டுக் கொன்ற வாஞ்சிநாதன் அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். கொல்லப்பட்ட ஆட்சியரே மாவட்டத்தின் தலைமை மாஜிஸ்திரேட்டும் ஆவார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தொடர்ந்த புலனாய்வில் ஒட்டப்பிடாரம், தூத்துக்குடி, செங்கோட்டை, புனலூர் என ஊர்கள் விரிந்தன. ஐயத்துக்கு உள்ளானவர்களுள் தர்மராஜ ஐயரும் வெங்கடேசுவர ஐயரும் கைதாகும் முன்னரே உயிரை மாய்த்துக்கொண்டனர். ஆறுமுகம் பிள்ளையும் சோமசுந்தரம் பிள்ளையும் அரசுத் தரப்புச் சாட்சிகளாக மாறினர். பதினால்வர் விசாரணைக்கு நிறுத்தப்பட்டனர். 1912 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில் நீலகண்டருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் கிடைத்தது.

இவ்வூர்கள் அனைத்தும் ஒரே மாவட்டத்தின என்று கொள்வதில்தான் தேடுவோர் முதலில் இடறுகின்றனர். வாஞ்சிநாதனின் ஊராகிய செங்கோட்டை அன்று திருநெல்வேலியில் இல்லை. அது திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. 1956 நவம்பர் 1 முதலே அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. புனலூர் அன்றும் இன்றும் மலைக்கு அப்பால். ஆகவே திருநெல்வேலி மாஜிஸ்திரேட்டின் முத்திரை செங்கோட்டையில் நேரே செல்லாது. சுதேச அரசின் இசைவும் அங்கிருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கடிதப் போக்குவரத்தும் தேவைப்பட்டன. பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சுதேச அரசுகளுக்கும் இடையே ஆட்களை ஒப்படைக்கும் முறையை 1903ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நெறிப்படுத்தியிருந்தது. செங்கோட்டையாரைப் பற்றிய தாள்களைத் திருவனந்தபுரத்திலும் தேட வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

பெங்களூரில் வாழும் ஆய்வாளர்க்கு இந்நிலை புதிதன்று. 1881இல் மைசூர் உடையாரிடம் ஆட்சி திரும்பியபோதும், தமிழர் மிகுதியாக வாழ்ந்த தண்டுப் பகுதி மட்டும் சிவில் மற்றும் ராணுவ நிலையம் என்ற பெயரில் ரெசிடெண்டின் கீழ் நின்றது. 1947இல்தான் மைசூருடன் இணைந்தது. அறுபத்தாறு ஆண்டுகள் ஒரே ஊரில் இரு ஆட்சிகள்; தண்டிலிருந்து பேட்டைக்கு நடந்து சென்றவர் ஓர் ஆட்சிவரம்பைக் கடந்தார். விதான சௌதாவில் உள்ள கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தில் மைசூர் அரசின் கோப்புகளை மட்டும் பார்த்துவிட்டு, தண்டுத் தமிழரைப் பற்றிய செய்தி இல்லை என முடிவு கட்டுவது பிழை.

இன்னும் கடினமான எல்லை புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட அந்நகரில் வ.வே.சு. ஐயர் 1910 முதலும், பாரதியார் 1908 முதலும் தங்கியிருந்தனர். பிரிட்டிஷ் வாரண்டு அங்குச் செல்லாது. செல்லாத இடத்தில் ஒற்றர் சென்றனர். ஒற்றர் சென்ற இடத்தில் அறிக்கைகள் குவிந்தன. பாரதியாரின் புதுவை வாழ்வைப் பற்றி அரசு ஆவணங்களில் இத்துணைச் செய்தி கிடைப்பதற்கு ஆணையின் இயலாமையே காரணம் என்று கூறின் அது மிகையாகாது.

பாரதியாரைப் பொறுத்தவரை பெயர்வழித் தேடுதலும் கைகொடுக்காது. ‘இந்தியா’ இதழின்மீது 1908இல் அரசு நடவடிக்கை எடுத்தபோது சட்டத்தின் பிடியில் சிக்கியவர் பதிவேட்டில் உரிமையாளராகக் காட்டப்பட்டிருந்த சீனிவாசன். ஐந்தாண்டுத் தண்டனையும் அவர்க்கே. எழுத்துக்குப் பொறுப்பான ஆசிரியரை இலக்கிய வரலாறு தேடுகிறது; பதிவுக்குப் பொறுப்பானவரை நீதிமன்றம் தேடியது. இவ்வேறுபாட்டை உணராதவர் பாரதி என்ற சொல்லை வைத்துக்கொண்டு கட்டுக்கட்டாகப் புரட்டியும் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

பெயரின் எழுத்துக்கூட்டலும் ஒரு தடை. திருநெல்வேலி ஆங்கிலப் பதிவுகளில் டின்னெவெல்லி, தூத்துக்குடி டூட்டிகோரின். ஊர்ப்பெயர்க்கே இக்கதி என்றால் ஆட்பெயரைச் சொல்ல வேண்டா. ழகர, ளகர, லகரங்கள் மூன்றும் ஓரெழுத்தாகி, நெடில் குறுகி, தந்தை பெயரின் முதலெழுத்து இடம் மாறிக் கிடக்கும். தந்தை பெயர், ஊர், தொழில் ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட பின்னரே இருவர் ஒருவரா என்று துணிதல் வேண்டும். முருகன் என்ற பெயரில் ஒரு வட்டத்தில் எத்தனை பேர் இருந்திருப்பர் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் இன்றியமையாமை விளங்கும்.

ஆஷ் வழக்கின் விசாரணை சென்னை உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு ஆயத்தில் நடந்தமையால் முதன்மைத் தாள்களும் மாவட்டத்தை விட்டு நீங்கின. அரசின் நோக்கிலான சுருக்கம் 1918இல் வெளியான ரௌலட் குழு அறிக்கையில் உள்ளது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘ஆஷ் அடிச்சுவட்டில்’ (2016) போன்ற நூல்கள் வெளிவந்த பின்னர் இவ்வழக்கு வெறும் வீரகதையாக மட்டும் சொல்லப்படும் நிலை மாறியுள்ளது. ஒட்டப்பிடாரம் மாடசாமி பிள்ளை கடைசிவரை பிடிபடவில்லை. வாஞ்சிநாதனுடன் மணியாச்சிக்கு வந்தவர் என்று கருதப்பட்ட அவருடைய பெயர், பிடிபடாமையாலேயே இன்றும் பேசப்படுகிறது.

ஆயின் தப்பியவர்களின் தடங்களை மட்டுமே தொடரும் வரலாறு ஒருபுறம் சாய்ந்துவிடுகிறது. 1908 மார்ச் 12இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கலகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து நால்வர் மாண்டனர், பலர் பிடிக்கப்பட்டனர். தலைவர்களின் வழக்கு அமர்வு நீதிபதி பின்ஹே முன் நடந்து, 1908 ஜூலை 7இல் தீர்ப்பாகி, மேல்முறையீட்டுக்குச் சென்றதால் அதன் தாள்கள் பல இடங்களில் நின்றன. கலகத்தில் பிடிபட்ட கடைக்காரர், கூலியாள், மாணவர் போன்றோர் ஓடி ஒளியவில்லை. அவர்களைப் பற்றி எந்த ரெசிடெண்டும் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை. அவர்களைத் தேட வேண்டிய இடம் பிடியாணைக் கட்டு அன்று. சிறைகளின் சேர்க்கைப் பதிவேடு. உயரம், வயது, சாதி, உடலில் உள்ள மச்சம், தழும்பு என அங்கே ஆளின் உருவமே எழுதப்படும். மணியாச்சி 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்திலும் செங்கோட்டை 2019 முதல் தென்காசி மாவட்டத்திலும் சேர்ந்துவிட்ட போதிலும், பழைய கட்டுகளின்மேல் டின்னெவெல்லி என்ற ஒரே பெயர்தான் இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடத் தொடங்குவோர் அப்பெயரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும்.