ஜரிகை வழியே அலை

தொலைபேசி ரிசீவரிலிருந்து பெட்டிக்குப் போகும் சுருள் வயரை அறுத்துப் பார்த்தவர்கள் குறைவு. என் வேலையே அதுதான். உள்ளே முழுக் கம்பி இருக்காது. நூல்மேல் மெல்லிய செப்புப் பட்டையைச் சுற்றியிருப்பார்கள். காஞ்சிபுரத்துத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜரிகையேதான்.

எங்களூர் அசல் ஜரிகை என்பது சிவப்புச் சாயமேற்றிய பட்டிழை, அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, அதற்கும் மேல் தங்க முலாம். பழைய சேலை வாங்க வருகிறவர் நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்பு தெரிந்தால்தான் விலை பேசுவார். முழுக் கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் இறுகி ஒடிந்துவிடும். சுற்றிய பட்டையோ இழையோடு சேர்ந்து வளையும். இழுவையை நூல் தாங்கிக்கொள்ளும்.

தொலைபேசி வயரில் தொல்லையெல்லாம் இணைப்பில்தான். சால்டரிங் வைத்தால் நூல் கருகும், பட்டை நழுவும். அதனால் முனையில் லக் மாட்டி நசுக்கித்தான் பிடிப்போம்.

1990களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி. மீடியா லேபில் ரெமி போஸ்டும் மேகி ஆர்த்தும் துணியிலேயே மின்சுற்று அமைக்க முனைந்தார்கள். அவர்கள் கையிலெடுத்தவற்றில் ஒன்று, இந்தியாவில் நெடுங்காலமாக நெய்துவரும் பட்டு ஆர்கன்சா. பாவில் வெறும் பட்டு, ஊடையில் செப்புத் தகடு சுற்றிய பட்டு. பாவு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஊடைகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனி வயர்களாக நிற்கும். இதைப் படித்தபோது எனக்குப் பெருமையைவிட எரிச்சல்தான் அதிகம். வீட்டுக்கு வீடு கிடந்த சரக்கு. அதில் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்க நமக்குத் தோன்றவில்லையே!

துணியில் தைக்கும் ஆன்டெனாவுக்கு இந்த இழை இன்னும் தோது. வைஃபை ஓடும் 2.45 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஒரு மைக்ரான் சொச்ச ஆழத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மெல்லிய பூச்சே போதும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் வோலாக்கிஸ், அசிமினா கியூர்ட்டி குழுவினர் உலோக இழையை எம்பிராய்டரி மிஷினில் கோத்து, 0.1 மில்லிமீட்டர் துல்லியத்தில் ஆன்டெனா தைத்தார்கள்.

இணைப்புத் தொல்லை அங்கேயும் விடவில்லை. உலோகம் பூசிய பாலியெஸ்டர், சால்டரிங் சூட்டில் உருகிவிடும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தார் இதற்குத் தையற்கடைப் பிரஸ் பட்டனையே பிடித்தார்கள். ஆன்டெனாவின் அடித்துணி அப்படியே இருக்கும். மேல்துணியை மட்டும் கழற்றி வேறொன்றை அழுத்தினால் அதிர்வெண் மாறிவிடும். மின்னோட்டத்துக்கு வழி அந்தப் பட்டனின் உலோகமே. பிடிமானம் தளர்ந்தால் மட்டும் தடை ஏறும். பழைய ரிசீவரில் லக் தளர்ந்தபோது கரகரவென்று கேட்டதும் இதனால்தான்.