வில் கற்ற சர்ஜனும் பெயர் சொல்லாத ஆசானும்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

போன மாசம் ஆவடி கிளினிக்குக்கு ஒரு தம்பி வந்தார். இடது முன்கையின் உட்பக்கம் முழுக்கக் கருநீலமாக் கன்றிப் போயிருந்தது. "பைக்ல விழுந்தீங்களா?"ன்னு கேட்டேன். "இல்ல சார், வில்லு"ன்னார். வீடியோ பார்த்துத் தானே மூங்கிலில் செய்த வில்லாம். ராணுவ டாங்கி செய்யும் ஊரில் ஒருத்தர் வில்லடி பட்டு வந்தால் ஆச்சரியமா இருக்காதா?

நாண் வந்து அறைந்த காயம்தான். ஐஸ் ஒத்தடம் சொல்லி அனுப்பினேன். ஆனா போகும்போது ஒரு கேள்வி கேட்டார். "பழைய காலத்து மாதிரியே வில் செஞ்சு எய்யறதை யார் சார் பொழுதுபோக்கா ஆரம்பிச்சது? நான் யார்கிட்ட கத்துக்கறது?"

முதல் கேள்விக்கான பதிலில் ஒரு டாக்டர் இருக்கார். அதனாலதான் இந்த த்ரெட்.

இங்கிலாந்தில் 1363லேயே மூன்றாம் எட்வர்ட் மன்னர், லீவு நாளில் எல்லாரும் வில் பழகணும்னு உத்தரவு போட்டார். அது போருக்காக. துப்பாக்கி வந்து வில் போர்க்களத்தை விட்டுப் போன பிறகு, 1781ல் லண்டனில் வசதியான கனவான்கள் வில்வித்தைக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அது பெரும்பாலும் பந்தயம், விருந்து, சீருடை. வில்லைப் பழைய கைகளிடமிருந்தே கத்துக்கிட்ட கதை வேற. அது அமெரிக்காவில் நடந்தது.

1911 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே, பசியில் மெலிந்து தனியாக ஒரு மனிதர் வந்து நின்றார். யாஹி பழங்குடியில் மிஞ்சிய கடைசி ஆள். மத்தவங்க எல்லாம் தங்க வேட்டைக்கு வந்த குடியேறிகளின் துப்பாக்கிக்கும் நோய்க்கும் பட்டினிக்கும் போயாச்சு. தன் பெயரைத் தானே சொல்வது அவர் வழக்கத்தில் இல்லை. சொல்ல வேற ஆளும் இல்லை. மானுடவியலாளர் குரோபர் அவருக்கு 'இஷி' என்று பெயர் வச்சார். அவங்க மொழியில் 'மனிதன்' என்று பொருள்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே அவரைத் தங்க வச்சாங்க. பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அங்கே சர்ஜனா இருந்தவர் சாக்ஸ்டன் போப். இஷிக்கு வைத்தியம் பார்க்கப் போனவர், அவரிடம் மாணவரா உட்கார்ந்துட்டார். ஜூனிப்பர் மரத்தில் வில் செதுக்குவது, எரிமலைக் கண்ணாடிக் கல்லைத் தட்டி அம்பு முனை எடுப்பது, இறகு கட்டுவது என்று எல்லாம் இஷி சொல்லிக் கொடுத்தது. கிராக்கி உள்ள சர்ஜன் ஒருத்தர், எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தர் முன்னாடி மாணவனா இருந்தார் பாருங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்ச இடம்.

பிடிக்காத இடமும் இருக்கு. 1916ல் இஷி காசநோயில் இறந்தார். உடலை அறுக்க வேண்டாம்னு வெளியூரில் இருந்த குரோபர் கடிதம் எழுதினார். கடிதம் வருவதற்குள் பிரேதப் பரிசோதனை முடிஞ்சிருச்சு. மூளையைத் தனியா எடுத்து வச்சாங்க. கொடுமை என்னன்னா, அதை ஸ்மித்சோனியனுக்கு அனுப்பி வச்சவரே குரோபர்தான். 2000ல்தான் அது உறவுப் பழங்குடிகளிடம் திரும்பப் போச்சு. இஷியின் மருத்துவ வரலாற்றை போப் 1920ல் தனிப் புத்தகமாவே எழுதினார். என் தொழிலைச் சேர்ந்தவர் எழுதியதுதான், ஆனா ஒரு நண்பனைப் பற்றி இப்படி எழுத எனக்குக் கை வராது.

1923ல் போப், அருங்காட்சியகத்தில் தூங்கிய பல நாட்டு வில்களை எடுத்து, இழுக்க எவ்வளவு விசை, அம்பு எவ்வளவு தூரம் என்று அளந்து ஆய்வு வெளியிட்டார். அதே வருஷம் வில் வேட்டை பற்றிய அவர் புத்தகமும் வந்தது. இன்னைக்கு உலகம் முழுக்கப் பழைய முறையில் வில் செய்கிற பல பேரின் ஆர்வம் அங்கிருந்துதான் கிளம்பினது.

ஒரு சின்ன விசயம். இஷி நாணை இழுத்தது கட்டைவிரலால். ஆசியாவின் பல பகுதிகளிலும் அதே வழக்கம்தான். மொகலாயப் பிரபுக்கள் அதுக்காகவே பச்சைக்கல்லில் மோதிரம் போட்டாங்க. ஐரோப்பியர் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களால் இழுத்தாங்க. அப்படி இழுப்பவருக்குக் கட்டைவிரல் போனால் பெரிய நஷ்டம் கிடையாது. இப்ப ஏகலைவன் கதையை யோசிங்க. துரோணர் ஏன் குறிப்பா அந்த விரலைக் கேட்டார்?

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

இந்திய வில்லாளிகள் ஆள் உயர வில்லைத் தரையில் ஊன்றி, இடது காலால் அழுத்தி, கிட்டத்தட்ட மூன்று முழ அம்பை எய்தாங்க என்று கிரேக்க ஆசிரியர் அர்ரியன் எழுதியிருக்கார். நம்மகிட்ட கொல்லிமலை வல்வில் ஓரி இருக்கார். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, கடைசியில் உடும்பு வரை துளைத்தார்னு புறநானூறு பாடுது (டாக்டரா இதை நான் நம்ப மாட்டேன், தமிழனா விட்டுக் கொடுக்கவும் மாட்டேன்). செங்கம் நடுகற்களில் வில்லேந்திய வீரர்கள் நிக்கறாங்க. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'வில்லிகள்' என்று படைப்பிரிவுப் பெயரே வருது. முன்கையில் கட்டும் தோல் காப்புக்குக்கூடத் தமிழில் 'கோதை' என்று பெயர் இருக்கு. அதே சொல்லுக்கு உடும்புன்னும் பொருள். எந்தத் தோல்ல செஞ்சிருப்பாங்கன்னு நீங்களே யூகிச்சுக்கங்க.

ஆனா சொல் இருக்கு, சிற்பம் இருக்கு, பாட்டு இருக்கு. சோழர் வில்லியிடமிருந்து இன்றைய ஆசிரியர் வரை அறுபடாமல் வந்த கை எங்கே? வார இறுதி வகுப்புக்கு "2000 ஆண்டுப் பாரம்பரியம்"னு யாராவது விளம்பரம் பண்ணினா, உங்க குரு யார், அவருக்கு யார் குருன்னு கேளுங்க.

அறுபடாத கை பக்கத்திலேயே இருக்கு. நீலகிரிக்கு அந்தப் பக்கம், வயநாட்டுக் குறிச்சியர். 1802 அக்டோபரில் எடச்சன குங்கனும் தலைக்கல் சந்துவும் தலைமை தாங்க, குறிச்சியர் வில்லோடு போய்ப் பனமரத்தில் கம்பெனிப் படையின் முகாமைப் பிடிச்சாங்க. துப்பாக்கி வச்சிருந்த சுமார் 70 பேர் செத்தாங்க. பழசிராஜா 1805ல் வீழ்ந்த பிறகும் அடங்காம, 1812ல் வரிக்கொடுமைக்கு எதிரா மறுபடி எழுந்தாங்க. குறிச்சியர் இன்னைக்கும் வில் பழகறாங்க. இஷிக்குக் கிடைக்காதது இவங்களுக்கு இருக்கு: உயிரோட இருக்கிற ஒரு சமூகம். கத்துக்கப் போனா உரிய கட்டணத்தைக் கொடுத்து, அவங்க பெயரைச் சொல்லிக் கத்துக்கங்க. கொல்லிமலையில் ஆடி 17, 18ல் நடக்கும் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஒருமுறை போய்ப் பாருங்க.

இப்ப டாக்டர் வேலை.

1545ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலை 1982ல் தூக்கினாங்க. 137 முழு வில்கள் கிடைச்சது. அவற்றை இழுக்க 45 முதல் 84 கிலோ வரை விசை வேணும்னு கணக்கிட்டாங்க. கப்பலில் இருந்த எலும்புக்கூடுகளில், தோள்பட்டை நுனி எலும்பு வயசு வந்தும் ஒட்டாமலே இருந்தது வழக்கத்தை விட அதிகம். சின்ன வயசிலிருந்து கனமான வில் இழுத்ததுதான் காரணமா இருக்கும்னு ஆய்வாளர்கள் சொன்னாங்க.

நீங்க அப்படி வளரலை. லேப்டாப் முன்னாடி வளர்ந்த தோள் அது. அதனால 8, 9 கிலோ வில்லில் ஆரம்பிங்க. முன்கைக் காப்பு இல்லாம எய்யாதீங்க. அம்பு இல்லாம வெறும் நாணை இழுத்து விடாதீங்க, வில் உடைஞ்சு கண்ணுக்கு வரும். மூங்கிலில் விரிசல் தெரிஞ்சா அன்னைக்கே தூக்கிப் போடுங்க. முயல், கொக்கு, உடும்பு எதையும் குறி வைக்காதீங்க, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு. கையைத் தலைக்கு மேல தூக்கும்போது தோள் வலிச்சா, வில் வாங்கும் முன்ன டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஏகலைவன் கேள்விக்கு உங்க பதிலைக் கீழே எழுதுங்க.