பினாங்கும் பயிர் நஞ்சும்

மலாயாவில் பயிருக்கு நஞ்சிடும் வழக்கம் தூபா வேரிலிருந்து தொடங்குகிறது. தெர்ரிஸ் என்னும் கொடியின் வேர் அது. மலாய்க் கிராமத்தார் அதை நசுக்கிப் பால் நிறச் சாறெடுத்து ஆற்றில் கலந்தார்கள். மயங்கி மிதக்கும் மீன்களை அள்ளினார்கள். சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் அதே சாற்றைச் செடிகளில் தெளித்துப் புழுக்களைக் கொன்றார்கள். ஜாதிக்காய்ச் சாகுபடி பற்றி 1848-இல் எழுதிய மருத்துவர் தாமஸ் ஆக்ஸ்லியும் மரத்தைத் தாக்கும் பூச்சிகளுக்குத் தூபாவைப் பரிந்துரைத்தார். 1930-களில் இந்த வேர் மலாயாவின் ஏற்றுமதிச் சரக்குகளில் ஒன்றாகியிருந்தது. அதிலுள்ள ரோட்டினோன் மீனுக்குக் கொடிய நஞ்சு. ஆனால் வெயிலும் காற்றும் பட்டால் விரைவில் சிதைந்துவிடும். மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்காது.

ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது வேறு வகை நஞ்சு வந்தது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்த் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். பின்னர் ரப்பரும் தென்னையும் அந்த நிலங்களைப் பிடித்தன. ரப்பர் மரங்களுக்கு இடையே முளைக்கும் லாலான் புல்லை மண்வெட்டியால் வெட்டி மாளாது. அதை அழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்ற ஆர்சனிக் உப்பைத் தெளித்தார்கள். மருந்து பட்ட புல்லில் உப்புச் சுவை இருந்ததால் கால்நடைகள் அதை விரும்பி மேய்ந்தன. தோட்டக் குடியிருப்புகளில் தொழிலாளர்கள் வளர்த்த மாடுகளும் ஆடுகளும் மடிந்தன; காட்டோரத் தோட்டங்களில் மேயவந்த விலங்குகளுக்கும் அதே கதிதான். இந்த ஒரு நஞ்சைக் கட்டுப்படுத்த 1949-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி, டைல்ட்ரின், என்ட்ரின் ஆகியவை பரவின. தூபா சந்தையை இழந்தது. புதிய மருந்துகள் எதையும் கொல்லும், நெடுநாள் தங்கும் என்பதே அவற்றின் பெருமையாகப் பேசப்பட்டது. அதே குணங்கள் செம்பனைத் தோட்டங்களில் எதிர்விளைவைத் தந்தன. 1950-களின் பிற்பகுதியிலிருந்து, மருந்தடித்த தோட்டங்களில் பைப்புழு முன்னெப்போதும் இல்லாத அளவில் பெருகியது. பூச்சியியலாளர் பிரையன் வுட் 1960-களில் இதன் காரணத்தை விளக்கினார். பைப்புழு இலைத் துணுக்குகளைப் பட்டு நூலால் தைத்து, அந்தப் பைக்குள்ளேயே வாழ்கிறது. பெண் புழு வளர்ந்த பின்னும் இறக்கையின்றிப் பைக்குள்ளேயே தங்கி முட்டையிடுகிறது. தெளித்த மருந்து அதை எளிதில் எட்டுவதில்லை. அந்தப் புழுவைத் தேடி இலை இலையாக நடக்கும் ஒட்டுண்ணிக் குளவியோ முதல் நாளிலேயே செத்துவிடுகிறது. எதிரி ஒழிந்ததும் புழு பெருகுகிறது. அதைக் கண்டு மீண்டும் மருந்தடித்தால் எஞ்சிய குளவியும் போகிறது. மருந்தை நிறுத்திய இடங்களில் குளவிகள் திரும்பின, புழு அடங்கியது. போர்னியோவிலுள்ள சபாவின் கொக்கோ தோட்டங்களில் பூச்சியியலாளர் கார்டன் கான்வே கண்டதும் இதுவே.

வயல்களிலும் இழப்பு நேர்ந்தது. செபராங் பிறை, கெடா, வட பேராக்கின் கிரியான் ஆகிய இடங்களின் நெல் வயல்களில் உழவர்கள் நெல்லோடு மீனும் எடுத்து வந்தார்கள். விரால், கெளுத்தி, சியாமிலிருந்து வந்த செப்பாட் ஆகியவை தேங்கிய நீரில் வளர்ந்தன. வயலின் தாழ்ந்த மூலையில் ஒரு குழி வெட்டியிருப்பார்கள். அறுவடைக்கு முன் நீர் வற்றும்போது மீனெல்லாம் அதில் வந்து சேரும். ஏழைக் குடும்பத்துக்குப் புரதம் தந்தது அந்தக் குழிதான். 1970-இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கி இருபோகச் சாகுபடி வந்தபின், மீன் வளரப் போதிய காலம் நீர் நிற்கவில்லை. கூடவே பூச்சிமருந்துகளும் பெருகின. அவற்றுள் எண்டோசல்பான் மீனுக்கு மிகக் கொடியது. பூச்சிகளை உண்ணும் சிலந்தி, தட்டான், தவளை ஆகியவையும் மருந்துக்குப் பலியாயின.

எலிமருந்து வேறொரு வழியில் உயிர்ச் சங்கிலியை அறுத்தது. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகள் தோட்டங்களில் பெருகியபோது, அவற்றைத் தேடிக் கூகைகள் வந்தன. தீபகற்ப மலேசியாவில் 1960-களின் பிற்பகுதியில்தான் கூகைகள் கூடுகட்டத் தொடங்கின. எலியையே பெரும்பாலும் உண்டு வாழும் பறவை இது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வீரிய எலிமருந்துகளை வைத்த தோட்டங்களில், நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகைகளும் குறைந்தன. இதை உணர்ந்த தோட்டங்கள் பின்னர் கூகைகளுக்குக் கூட்டுப்பெட்டிகள் நட்டு, அவற்றையே எலிக் காவலாக்கின.

இந்தச் சேதங்களை உலகின் முன் வைத்ததில் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குத் தனி இடம் உண்டு. 1969-இல் உருவான பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைத் தமிழ்நாட்டில் பிறந்த எஸ். எம். முகமது இத்ரிஸ், 2019-இல் மறையும் வரை நெடுங்காலம் வழிநடத்தினார். 1970-களின் பிற்பகுதியில் அதன் தோழமைச் சுற்றுச்சூழல் அமைப்பாகச் சகாபாட் அலாம் மலேசியா தோன்றியது. அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பின் வட்டார அலுவலகமும் அன்வர் ஃபசாலின் பொறுப்பில் பினாங்கிலேயே இயங்கியது. அமெரிக்காவில் தடையான மருந்துகள் ஏழை நாடுகளுக்கு விற்கப்படுவதை 1981-இல் டேவிட் வியரும் மார்க் ஷபீரோவும் ஒரு நூலில் அம்பலப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் பல நாட்டு ஆர்வலர்கள் பினாங்கில் கூடிப் பூச்சிக்கொல்லிச் செயல் வலையமைப்பை (பான்) நிறுவினார்கள்.

அதுவரை விபத்துகளுக்கு உழவரின் கவனக்குறைவே காரணம் என்று சொல்லப்பட்டு வந்தது. விற்பவரும் விற்க அனுமதிக்கும் அரசும்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று பினாங்கில் கூடியவர்கள் வாதிட்டார்கள். 1985 ஜூன் 5-ஆம் நாள் ‘டர்ட்டி டஸன்’ என்ற பெயரில் கொடிய மருந்துகளின் பட்டியலை வெளியிட்டு, அவற்றைத் தடை செய்யக் கோரினார்கள். டிடிடி, ஆல்ட்ரின் வகைகள், பாரத்தியான், பாராகுவாட் ஆகியவை அதில் இருந்தன. அதே ஆண்டு ஐநாவின் உணவு, வேளாண்மை நிறுவனம் பூச்சிக்கொல்லிகளுக்கான நடத்தை விதிகளை ஏற்றது. இறக்குமதி செய்யும் நாட்டுக்கு முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்ற கோரிக்கை, 1998-இல் ராட்டர்டாம் உடன்படிக்கையாக வடிவம் பெற்றது.

பாராகுவாட் போராட்டமே மலேசியாவில் நீண்டது. லாலானையும் களையையும் கருக்கும் இந்த மருந்தை முதுகில் தொட்டி சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் தமிழ்ப் பெண்கள் ஏராளம். கசிந்து தோலில் பட்டால் புண், கண்ணில் பட்டால் பார்வைக் கேடு. வயிற்றுக்குள் போனால் மாற்று மருந்தே கிடையாது. 2002-இல் அரசு இதைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-இல் தோட்டத் துறையின் நெருக்குதலால் அந்த முடிவு தளர்ந்தது. முழுத் தடை வர 2020 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு மருந்து தடையானால் அதன் இடத்தில் வேறொன்று வருகிறது. பாராகுவாட் போன பின் கிளைஃபோசேட்டும் குளுஃபோசினேட்டும் களத்தில் நிற்கின்றன. ஆகவே தடை மட்டும் போதாது. வயலில் குளவியும் கூகையும் மீனும் வாழ இடம் வேண்டும். பைப்புழுவைக் குளவி அடக்கியதும், எலியைக் கூகை அடக்கியதும் மலேசியத் தோட்டங்களே கண்ட உண்மை. பூச்சிக்கொல்லி வலையமைப்பின் ஆசிய பசிபிக் அலுவலகம் இன்றும் பினாங்கிலிருந்தே இயங்குகிறது; பயனீட்டாளர் சங்கமும் இயற்கை வேளாண்மைப் பயிற்சிகளை நடத்தி வருகிறது. நஞ்சின்றி விளைவிக்க முடியும் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு இப்போது உழவரோடு, அவருக்கு மானியமும் ஆலோசனையும் தரும் அரசுக்கும் உண்டு.